பம்பு மேல் பழி போடும் முன்

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு நிச்சயம் வரும்: ‘பெட்ரோல் பம்பு போயிருச்சு, மாத்திட்டேன்.’ கூடவே இன்னொன்றும் வரும்: ‘மாத்தியும் சரியா வரல.’

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாக அடிக்கிறது. எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, தெருப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ளவிட்டு, பேட்டரி இறங்கும்வரை அடித்துப் பார்த்துவிட்டு, பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். புதுப் பம்பு வருகிறது, காசு போகிறது, வண்டி அப்படியே நிற்கிறது. பெட்ரோல் வராததற்குப் பம்பும் ஒரு காரணம், அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் இன்னும் ஏழெட்டுக் காரணங்கள் உண்டு. அவற்றில் பல, பம்பு விலையில் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்காதவை.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அப்பா விட்டுப்போன பிரீமியர் பத்மினியை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் பழனி ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாய்தான் இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார். அவர் ஆரம்பத்திலேயே சொன்னது இது: “சார், பம்பு நடுவுல நிக்கிற ஆளு. முன்னாடி யார் தப்புப் பண்ணாலும், பின்னாடி யார் தப்புப் பண்ணாலும் திட்டு அதுக்குத்தான். நீங்க எஞ்சின்ல ஆரம்பிச்சு டேங்குக்குப் போங்க. எது வரைக்கும் பெட்ரோல் வந்திருக்குன்னு பார்த்துக்கிட்டே போனா கோளாறு தானா மாட்டும்.”

அந்த வரிசையில்தான் இங்கே போகப்போகிறோம்.

எல்லா வண்டிக்கும் ஒரே பம்பா?

கார்ப்பரேட்டர் காலத்து வண்டிகள் என்றால் ஏறக்குறைய ஆமாம். இத்தாலி ஃபியட் 1100-இன் வாரிசாக பம்பாய் குர்லாவில் தயாரான பத்மினியின் எஞ்சின் 1089 சி.சி. வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாஸடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 796 சி.சி. மதராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இந்தக் கூட்டத்தில் சேரும். எஞ்சின்கள் வேறு வேறு என்றாலும், எஞ்சினில் திருகி மாட்டிய சின்ன மெக்கானிக்கல் பம்பு இவற்றில் எல்லாம் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஸ்பேர் கடையில் அதற்கு ‘ஏசி பம்பு’ என்று பெயர். அப்படிக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

கிராமத்து அடிபம்பை நினைத்துக்கொண்டால் இந்தப் பம்பு புரிந்துவிடும். கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே தோல் வாஷர் மேலேறித் தண்ணீரை இழுக்கிறது. விடும்போது வால்வு மூடிக்கொண்டு, இழுத்த தண்ணீரைத் திரும்பப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கார் பம்பில் கைப்பிடிக்குப் பதில் ஒரு நெம்பு. அதைத் தள்ளுவது எஞ்சினுக்குள் சுற்றும் கேம் ஷாஃப்டின் மேடு. தோல் வாஷருக்குப் பதில் டயாஃப்ரம் என்கிற ரப்பர் பூசிய துணித் தகடு. நெம்பு டயாஃப்ரத்தை இழுக்கும்போது டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. அடியிலுள்ள ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும்போது பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குப் போகிறது. உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. வெகுநாள் கிடந்த அடிபம்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் தண்ணீர் ஏறும் இல்லையா? வெகுநாள் நின்ற காரின் பம்பும் அப்படித்தான். காய்ந்துபோன வால்வு காற்றைப் பிடிக்காது. கொஞ்சம் நனைந்தால் பிடித்துக்கொள்ளும்.

இதில் நான் ரசிக்கும் நுட்பம் ஒன்று உண்டு. பெட்ரோலைக் கார்ப்பரேட்டருக்குத் தள்ளுவது எஞ்சின் அல்ல, அந்த ஸ்பிரிங்தான். கார்ப்பரேட்டர் கிண்ணம் நிரம்பியதும் அங்கே ஃப்ளோட் மேலேறி நீடில் வால்வை மூடிவிடும். பெட்ரோல் போக வழியில்லாததால் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடும். நெம்பு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் குறைந்தால் ஸ்பிரிங் மறுபடி தள்ளும். ஒயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது. வேண்டியபோது வேண்டிய அளவு. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு பவுண்டுக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு கணக்கு. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொண்டால் பம்பு நிமிடத்துக்கு 100 தடவை அடிக்கும். பத்து விநாடி செல்ஃப் அடித்தால் பதினாறு, பதினேழு அடிதான். ஏறத்தாழ மூன்று மீட்டர் குழாய் காலியாகக் கிடந்தால் அந்த அடி போதாது. ஒரு மாதம் ஷெட்டில் கிடந்த வண்டி முதல் இழுப்பிலேயே பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முதலில் நெருப்பு, பிறகு பெட்ரோல்

வேலை தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி, உறையவைக்கும் குளிரிலேயே தீப்பிடிக்கக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, பக்கத்தில் எரியும் பீடியைத் தேடிப் போகும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலை வேண்டாம். வண்டியை வெளியே தள்ளுங்கள். வேடிக்கை பார்க்க வருபவர் வாயில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கோளாறு பெட்ரோலிலா, கரண்டிலா? இதைப் பிரிக்காமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது. செல்ஃப் அடித்து ஓய்ந்த கையோடு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள். நனைந்து பெட்ரோல் நெடி அடித்தால் பெட்ரோல் வருகிறது, பம்பை விட்டுவிடலாம். பாயிண்ட், காயில், கண்டென்சர் பக்கம் போங்கள். அல்லது பெட்ரோல் அதிகமாகப் போய் எஞ்சின் மூச்சுத் திணறியிருக்கும். அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால் மிச்சம் வெளியேறிப் பிடித்துக்கொள்ளும். பிளக் காய்ந்து, நெடியே இல்லாமல் இருந்தால்தான் நம் விசாரணை தொடர வேண்டும்.

எஞ்சினிலிருந்து டேங்குக்கு

முதல் நிறுத்தம் கார்ப்பரேட்டர். ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில் வாய்க்குள் எட்டிப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையால் வெடுக்கென்று இழுங்கள். மெல்லிய பெட்ரோல் தாரை ஒன்று பீச்ச வேண்டும். பீச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. பம்பு குற்றவாளி அல்ல, ஜெட் அடைப்பைப் பாருங்கள். பீச்சவில்லை என்றால் அடுத்ததற்கு நகரலாம்.

இரண்டாவது நிறுத்தம், பம்பிலிருந்து கார்ப்பரேட்டருக்கு வரும் குழாய். முதலில் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடுங்கள், எங்கும் பொறி பறக்கக் கூடாது. பிறகு கார்ப்பரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுத் துடிப்போடு விழ வேண்டும். துடித்து விழுந்தால் பம்பு நன்றாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் கார்ப்பரேட்டரின் நீடில் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் வாயிலுள்ள குட்டிச் சல்லடை அடைத்திருக்கிறது. குமிழி குமிழியாக வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் மேலே படியுங்கள். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள். அரை நிமிடம் ஓய்வு கொடுத்து அடியுங்கள். பேட்டரி இறங்கினால் பொறியும் பலவீனமாகி, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

மூன்றாவதுதான் இந்த விசாரணையின் உயிர். பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் ஒரு துண்டு பெட்ரோல் ஹோஸை மாட்டி, மறுமுனையைக் கேனில் உள்ள பெட்ரோலில் முக்குங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயை மறக்காமல் அடைத்து வையுங்கள். இப்போது செல்ஃப் அடியுங்கள். பம்பு கேனிலிருந்து இழுத்துப் பாட்டிலில் கொட்டினால் பம்புக்கு விடுதலை, கோளாறு டேங்க் பக்கம். கேனிலிருந்தும் இழுக்காவிட்டால் பம்பைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பம்பு வாங்கப் புறப்படுகிறவர்கள்தான் ஊரில் அதிகம்.

ஸ்டார்ட் ஆகிப் பிறகு நின்றுபோகிற வண்டிக்கும் இதே வழிதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் எஞ்சின் குடிப்பது நிமிடத்துக்கு 70 மில்லிகூட இல்லை. ஐடிலில் அதைவிட மிகக் குறைவு. அதனால் அரைகுறைப் பம்பும், பாதி அடைத்த ஃபில்டரும் ஊருக்குள் மாட்டிக்கொள்ளாது. மேம்பாலம் ஏறும்போது, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். அதுதான் முதல் அறிகுறி.

டேங்க் பக்கத்துத் திருடர்கள்

டேங்க் பக்கம் என்று தெரிந்துவிட்டால் முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய வண்டியின் பெட்ரோல் மீட்டரைப் போலப் பொய் சொல்லும் பொருள் வேறில்லை. பாய் டேங்க் வாயில் ஒரு கம்பியை விட்டு நனைந்த அளவைப் பார்த்த பிறகுதான் பேச ஆரம்பிப்பார்.

அடுத்தது டேங்க் மூடி. பெட்ரோல் போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். மூடியிலுள்ள சிறு துளை தூசியிலோ பெயின்டிலோ அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் ஏறும். பம்பு இழுக்கும், டேங்க் விடாது. அரைமணி நேரம் ஓடி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பிடிக்கும், மறுபடி நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மருந்து ஒரு குண்டூசிதான்.

மூன்றாவது, ரப்பர் ஹோஸ். டேங்குக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவில் ஒரு துண்டு, குழாய்க்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு. இவை வெடித்திருந்தாலும் வண்டி ஓடும்போது பெட்ரோல் சொட்டாது. பம்புக்கு முன்னால் உள்ள குழாயில் உறிஞ்சல்தான் நடக்கிறது. ஓட்டை வழியே பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். தரையில் சொட்டு இல்லையே என்று விட்டுவிடுகிறோம். ஹோஸை மடக்கிப் பாருங்கள். மேற்பரப்பில் மயிரிழை போல வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

நான்காவது திருடன் டேங்குக்குள் இருக்கிறான். அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாய் நடுவில் துருப்பிடித்து ஊசித்துளை விட்டிருந்தால், பெட்ரோல் மட்டம் அந்தத் துளைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் காற்றை இழுக்க ஆரம்பிக்கும். ‘அரை டேங்க் இருந்தா ஓடுது, கால் டேங்குக்கு வந்தா நிக்குது’ என்று யாராவது சொன்னால் அங்கே பாருங்கள். அதே குழாயின் அடியில் துருவும் பிசினும் சேர்ந்து சல்லடையை அடைப்பதும் உண்டு. அதற்கு டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி. பம்புப் பக்கமிருந்து கம்ப்ரஸரில் ஏர் அடித்தால் அடைப்பு விலகும், வண்டி ஓடும். ஆனால் விலகிய குப்பை டேங்குக்குள்ளேயே மிதந்துகொண்டிருக்கும்.

பம்பைத் திறந்தால்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, பம்புதான் என்று உறுதியாகிவிட்டது. கழற்றும் முன் பம்பிலேயே கையால் அடிக்கும் சிறு நெம்பு இருக்கிறதா பாருங்கள். பல பழைய பம்புகளில் உண்டு. அதை அடித்தால் செல்ஃப் இல்லாமலே கார்ப்பரேட்டரை நிரப்பலாம். அடிக்கும்போது அழுத்தமே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கேமின் மேடு ஏற்கெனவே டயாஃப்ரத்தை முழுக்க இழுத்துப் பிடித்திருக்கலாம். எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள்.

பாய் பம்பைப் பிரிக்கும் விதம் பார்க்கத் தகுந்தது. செய்தித்தாள் ஒன்றை விரிப்பார். பம்பின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பில் அரத்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். திரும்ப மாட்டும்போது குழாய் வாய்கள் பழைய திசையிலேயே நிற்க அந்தக் கோடுதான் சாட்சி. பிறகு சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராகத் தளர்த்துவார். மேல்பாதி விலகியதும் பழைய வார்னிஷ் நெடி அடிக்கும். கெட்டுப்போன பெட்ரோல் காய்ந்த பிசின் அது. கிண்ணத்தின் அடியில் செங்கல் பொடி நிறத்தில் துரு. டயாஃப்ரத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து மெதுவாக வளைப்பார். நல்லது என்றால் துணிபோல வளையும். கெட்டது என்றால் மடிப்பில் வெளிச்சம் ஊசிமுனையாகத் தெரியும். வால்வுத் தகட்டை விரல் நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயை வைத்து ஊதி, அதே பக்கமிருந்து இழுத்தும் பார்ப்பார். ஊதினால் போக வேண்டும், இழுத்தால் வரக் கூடாது. “நீங்க இத வாயில வைக்காதீங்க சார், டியூப் மாட்டிப் பாருங்க” என்பது எனக்கு உபதேசம்.

வால்வு சரியாக மூடாவிட்டால் இரவெல்லாம் குழாயிலிருந்து பெட்ரோல் டேங்குக்கே வடிந்துவிடும். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவு இருக்காது.

டயாஃப்ரம் கிழிந்தால் தொல்லை ஸ்டார்ட் ஆகாததோடு நிற்பதில்லை. பெட்ரோல் பம்பின் அடிப்பாகத்துக்கு இறங்கி, அங்குள்ள சிறு துளை வழியே வெளியே கசியும். இல்லாவிட்டால் எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். மட்டம் கூடியிருந்து, பெட்ரோல் நெடியும் அடித்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீராகிப் பேரிங்கைத் தின்றுவிடும். பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவி.

டயாஃப்ரம், வால்வு, பேக்கிங் சேர்ந்த கிட் கிடைத்தால் பழைய பம்பையே உயிர்ப்பிக்கலாம். சென்னையில் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று தேடினால் இன்னும் கிடைக்கிறது. பழைய வார்ப்புப் பம்பின் உடம்பு கெட்டியானது, தூக்கிப் போடாதீர்கள். மாட்டும்போது மூன்று விஷயம். நெம்பை முழு ஸ்ட்ரோக்குக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு திருகுகளை முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் டயாஃப்ரம் விறைத்துப்போய் விரைவில் கிழியும். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள கனமான தக்கையையும் பேக்கிங்கையும் பழைய தடிமனிலேயே போட வேண்டும். தடிமன் கூடினால் தள்ளும் தூரம் குறைந்து பம்பு சோம்பிவிடும். நெம்பு கேமின் சரியான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முடுக்க வேண்டும். இழுத்து முடுக்கினால் உட்கார்ந்துவிடும் என்று நினைத்தால் நெம்பு ஒடியும்.

புதுப் பம்பு வாங்கினாலும் கவனம் வேண்டும். அழுத்தம் அதிகமான பம்பு, நீடிலை மீறிப் பெட்ரோலைத் தள்ளி கார்ப்பரேட்டரை ஓவர்ஃப்ளோ ஆக்கும். அப்போது பிளக் நனைந்து, வேறு வகையில் ஸ்டார்ட் ஆகாது. ‘மாத்தியும் சரியா வரல’ என்பதில் இந்த ரகமும் சேர்த்தி.

மலைப்பாதையில் நின்றால்

வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும் பாதையில், பானட் திறந்தபடி நிற்கும் பழைய கார்களை ஒரு காலத்தில் நிறையப் பார்க்கலாம். அது பெரும்பாலும் பம்பு கெட்டதல்ல, வேப்பர் லாக். பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல திரவங்களின் கலவை. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவென்பதால் இன்னும் சீக்கிரம். மலையில் ஏற ஏறக் காற்றழுத்தமும் குறையும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலில் அது கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. செகண்ட் கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்குக் காற்றோட்டமும் இல்லை. குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிரம்பிவிடும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், விட்டால் விரியும். பம்பு அடித்துக்கொண்டே இருக்கும், ஒன்றும் நகராது.

டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்ததும் வண்டி பிடிக்காமல் போவது இதனால்தான். எஞ்சினை அணைத்ததும் ஃபேன் நின்று, தண்ணீர் ஓட்டம் நின்று, உள்ளிருக்கும் சூடு அப்படியே பம்புக்கு ஏறுகிறது. ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் சுற்றி, பானட்டைத் திறந்து வைத்துக் கால்மணி நேரம் பொறுத்தால் போதும். டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த இந்த வைத்தியம் இயற்பியல்படியும் சரியானதே. சைலன்ஸர் பக்கமாகப் போகும் குழாயைத் தள்ளிக் கட்டுவது நிரந்தர வைத்தியம். டேங்க் மூடிக் கோளாறும் வேப்பர் லாக்கும் ஒரே மாதிரி வேடம் போடும். நின்ற உடனே மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

புதிய பெட்ரோல், பழைய ரப்பர்

நம் வண்டிகள் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022-இல் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதத்தை. பழைய காலத்து ரப்பர் டயாஃப்ரத்துக்கும் ஹோஸுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை. உப்பிப்போய் மிருதுவாகும், பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். நாள்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அங்கேதான். டேங்கில் ஒட்டிக் கிடந்த பழைய பிசினையும் அது கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும்.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரப்பரா என்று கேளுங்கள். ஹோஸில் ‘ஜே30 ஆர்9’ என்று அச்சிட்டிருந்தால் நல்லது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டாம், வாரம் ஒருமுறை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு ஃபில்டர் போட்டு, அதன் நிறம் மாறினால் மாற்றிவிடுங்கள்.

கரண்டுப் பம்பு வண்டிகளுக்கு

சில பழைய வண்டிகளில் கரண்டுப் பம்பு உண்டு. இலங்கையில் இன்றும் பாசத்தோடு ஓட்டப்படும் மோரிஸ் மைனரில் இருப்பது எஸ்யூ பம்பு. சாவியைப் போட்டதும் ‘டிக் டிக்’ என்று வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிடும். சத்தமே இல்லாவிட்டால் அதன் பாயிண்ட் கருகியிருக்கும், அல்லது எர்த் கிடைக்கவில்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் இல்லை, அல்லது காற்று இழுக்கிறது. சத்தத்தை வைத்தே வைத்தியம் பார்க்கலாம்.

2000-ஐ ஒட்டி வந்த மாருதி 800 போன்ற எம்பிஎஃப்ஐ வண்டிகளில் பம்பு டேங்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாவியை ‘ஆன்’ செய்ததும் பின் சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே. அதே மாதிரியான வேறு ரிலே ஒன்றை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டியதும் பம்பு உயிர் பெற்றால் மோட்டாரின் கார்பன் தேய்ந்துவிட்டது. வீடு போய்ச் சேரலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம். இந்தக் குழாய்களில் அழுத்தம் கார்ப்பரேட்டர் வண்டியைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு அதிகம். அழுத்தத்தை இறக்காமல் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பழகாதவர்கள் தொடக் கூடாது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தப் பம்பைக் குளிர வைப்பது சுற்றியிருக்கும் பெட்ரோல்தான்.

டிக்கியில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மீட்டர் பெட்ரோல் ஹோஸ், நாலு கிளிப், ஒரு ஃபில்டர், ஒரு டயாஃப்ரம் கிட், பழைய துணி, தண்ணீர் பாட்டில், இரண்டு மூன்று ஸ்பேனர். என் பத்மினியின் டிக்கியில் இவ்வளவுதான் இருக்கிறது. பெட்ரோலைப் பாட்டிலில் அடைத்து டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் அது வெடிகுண்டு.

இதையெல்லாம் நீங்களே கழற்றி மாட்ட வேண்டும் என்பதில்லை. மெக்கானிக்கிடம் பேசத் தெரிந்தால் போதும். “வண்டி ஸ்டார்ட் ஆகல, பம்பு போச்சுன்னு நினைக்கிறேன்” என்று சொன்னால் அவர் பம்போடு வருவார். “செல்ஃப் நல்லா அடிக்குது, பொறி இருக்கு, பிளக் காய்ஞ்சிருக்கு, டேங்க் மூடியத் திறந்து பார்த்துட்டேன், கார்ப்பரேட்டர் முனையில பெட்ரோல் வரல” என்று சொல்லிப் பாருங்கள். பாயைப் போன்ற ஒருவர் என்றால் பம்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, ஒரு கேன் பெட்ரோலும் ஒரு துண்டு ஹோஸும் மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்.